பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு மில்லி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்தொரு வருஷமாகச் சுவர்களின் விரிசலை மில்லிமீட்டரில் அளந்து, மில்லிமீட்டரிலேயே பேசி, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று யாராவது சொன்னால் "எத்தனை மில்லி?" என்று கேட்கக்கூடியவள் என்று பேர் வாங்கியிருந்தாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு, இந்த அம்மாவுக்கு வேறு ஏதோ பழக்கம் இருக்கிறது போலிருக்கிறது என்று ஒரு வாரம் ஒதுங்கி நடப்பார்கள். அப்புறம் தெளிந்துவிடும். அவள் டீகூட அரை டம்ளருக்கு மேல் குடிக்க மாட்டாள்.

கட்டடப் பாதுகாப்புப் பிரிவு என்று வாசலில் பலகை தொங்கும். உள்ளே நான்கு மேசை, மூன்று பீரோ, ஒரு பிரிவுத் தலைவர். ஊரில் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு இருந்ததோ இல்லையோ, பீரோவுக்குள் இருந்த பதிவேடுகளுக்கு நல்ல பாதுகாப்பு இருந்தது.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம். பழைய கட்டடம் என்றால் விரிசல் இல்லாத சுவர் கிடையாது. எல்லா விரிசலுக்கும் பயந்தால் பாதி ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். அதனால் முதல் நாள் அளவு எதுவாக இருந்தாலும், பதிவேட்டில் அது பூஜ்யம். அதற்குப் பிறகு எவ்வளவு கூடியது என்பது மட்டுமே கணக்கு. இதற்குப் 'பூஜ்யம் வைக்கிறது' என்று பேர். "பழங்கதை நமக்கெதுக்கு? நாம வந்தப்புறம் என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்பார் தலைவர். கேட்கிறபோது நியாயமாகத்தான் இருந்தது. மில்லியும் இருபத்தொரு வருஷமாகப் பூஜ்யம் வைத்தாள். உண்மையான அளவைத் தன் கைநோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். முதல் நாள் அளவை அதிலிருந்து கழித்து, மிச்சத்தைப் பதிவேட்டில் மையால் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பிறகு வரைபடத்தாளில் கோடு இழுப்பாள். எந்தக் கட்டடமானாலும் கோடு தாளின் இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்துதான் கிளம்பும்.

பஸ் பணிமனையின் பின்சுவரும் அப்படித்தான் பதிவேட்டுக்குள் வந்தது. ஒரு டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுவரில் பட்டுவிட்டது. பம்பரில் நகத்தளவு பெயிண்ட் போனது, அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் எச்சிலைத் தொட்டுத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இந்த மனிதர் தானே போய் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததால் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், பார்த்ததால் விரிசல் தெரிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். மறுநாள் காலையில் மில்லி விரிசலை அளக்கும் தன் காலிப்பரோடு போனாள்.

பத்து நாளுக்கு ஒருமுறை, ஐந்து முறை அளந்தாள். பதிவேட்டில் பூஜ்யம், அரை, ஒன்று, ஒன்று புள்ளி நான்கு, இரண்டு என்று ஏறியது. விரிசல் மூன்று மில்லிமீட்டரைத் தொட்டால் கயிறு கட்டி, அந்தப் பக்கம் ஆள் நடமாடாமல் தடுக்க வேண்டும் என்பது விதி. நாற்பதாம் நாள் அளவு இரண்டுதான். கயிற்றுக்கு இன்னும் முழுசாக ஒரு மில்லிமீட்டர் பாக்கி இருந்தது.

நாற்பத்தேழாம் நாள், காலை பத்து மணிக்கு, சுவர் விழுந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து பதினாறு வருஷமாகப் பஸ் டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் அடியில் போனார். டயரைத் தூக்கிக்கொண்டு வந்த இருவர் பத்தடி தள்ளி இருந்ததால் பிழைத்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். பதிவேடும் வரைபடமும் விசாரணைக்குப் போயின. பஸ் மோதிய மறுநாள் பூஜ்யம், அன்றிலிருந்து ஒரே ஏறுமுகம். அதிகாரி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உயிர் போனதற்கு அவர்தான் காரணம் என்று அறிக்கை போய்விட்டால் அடுத்தது ஜெயில்தான். கடைசி அமர்வு புதன்கிழமை என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், அலுவலகப் படிக்கட்டில் அந்த டிரைவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர். சீருடை இல்லாததால் மில்லிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளுங்க."

"அன்னிக்கு நான் வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தப்போ, அந்த விரிசலுக்குள்ள எறும்பு போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்துச்சு. வாயில வெள்ளையா முட்டை. இடிச்சு ரெண்டு நிமிஷத்துல எறும்பு குடிவந்திடுமா மேடம்?"

மில்லி தோள்பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அதிகாரிகிட்ட சொன்னேன். அப்போ எறும்பைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாய்யான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நேரத்துல என்ன பண்றதுன்னு தெரியாம நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன் மேடம். அதை நினைச்சாத்தான் என்னால தாங்க முடியல." அவர் ஒரு படி கீழே இறங்கி நின்றார். "மறுநாள் காலையில நீங்க பார்த்தீங்களே. எறும்பு இருந்துச்சா?"

"ஞாபகமில்ல. நோட்டைப் பார்க்கணும்" என்றாள்.

"பாருங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம். பாருங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததைப் போலவே சுவரோரமாக இறங்கிப் போனார்.

கைநோட்டு அவள் தோள்பையில்தான் இருந்தது. விசாரணைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. பிரிவில் அதற்கு மதிப்பும் கிடையாது. மேசைக்குப் போய் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். அவளுடைய பென்சில் எழுத்து: ஒன்று புள்ளி எட்டு. உள்ளே பாசி. எறும்பு. அடுத்த பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிப்படி இருந்தது. அன்று ஒரே நாளில் நான்கு இடம் போயிருக்கிறாள். பார்த்ததை எழுதினாள், எழுதியதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க அந்த மூன்று சொற்கள் மனசைப் பிறாண்டின. ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு வரைபடத்தாளை விரித்தாள். அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு ஏற்றபடி சில்லைத் தேய்த்துப் பொருத்துகிறவன். விடுமுறை நாள் என்பதால் ஜன்னலோரமாக உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

கழிக்காமல், கைநோட்டில் இருந்ததை இருந்தபடி புள்ளி வைத்தாள். ஒன்று புள்ளி எட்டு, இரண்டு புள்ளி மூன்று, இரண்டு புள்ளி எட்டு, மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி எட்டு. ஒரே ஒரு புள்ளி மயிரிழை கீழே இருந்தது, மற்றவை வரிசையாக நின்றன. அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தாள். மூலையில் கிளம்ப வேண்டிய கோடு, இடப்பக்க ஓரத்தில் உயரத்திலேயே கிளம்பியது. தரையைத் தொடவில்லை.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல வெட்டுத்துண்டுன்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகமிருக்கா?"

"இல்லாம? வெட்டுத்துண்டு காண்கன்னு வாத்தியார் கேட்டாரு. துணிக்கடையில வெட்டுத்துண்டு வாங்கித்தான எங்க அம்மா எனக்குச் சட்டை தைப்பாங்க. முக்கால் மீட்டர்னு சொன்னேன். பெஞ்சு மேல ஏத்திட்டாரு." அவன் நகவெட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். "இப்ப எதுக்கு அது?"

அவள் அவனுக்குச் சொன்னாள், தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள். கோடு இரண்டு இடத்தில் வெட்டும். குத்தாக நிற்கிற அச்சை எங்கே வெட்டுகிறது என்று தெரிய, நாளைப் பூஜ்யமாக்க வேண்டும். நாள் பூஜ்யம் என்றால் விரிசல் ஒன்று புள்ளி எட்டு. அது ஒரு துண்டு. படுத்திருக்கிற அச்சை எங்கே வெட்டுகிறது என்று தெரிய, விரிசலைப் பூஜ்யமாக்க வேண்டும். அது இன்னொரு துண்டு. முதல் துண்டு, நாம் பார்க்கத் தொடங்கியபோது ஏற்கெனவே எவ்வளவு பிளந்திருந்தது என்று சொல்லும். இரண்டாவது, அது என்றைக்குப் பிளக்கத் தொடங்கியது என்று சொல்லும்.

நாளுக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து வீதம் கூடியிருந்தது. ஒன்று புள்ளி எட்டை அதால் வகுத்தாள். முப்பத்தாறு. பூஜ்யத்துக்கு முன்னால் முப்பத்தாறு நாள்.

"அப்ப கோட்டை இந்தப் பக்கமா நீட்டணும்" என்றான் அவன். "இந்தப் பக்கம் தாளே இல்லையே."

இருபத்தொரு வருஷமாக அவள் பயன்படுத்திய எந்தத் தாளிலும் அந்தப் பக்கம் இருந்ததில்லை. எல்லாக் கோடும் மூலையில் கிளம்பினால் மூலைக்கு அந்தப்புறம் எதற்கு? அவன் இன்னொரு தாளை எடுத்து இடப்பக்கம் சேர்த்து, கட்டத்தோடு கட்டம் பொருந்துகிற மாதிரி நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பசை தடவி ஒட்டினான். சில்லைப் பொருத்திப் பழகின கை. ஒட்டு இருப்பதே தெரியவில்லை. அவள் கோட்டை நீட்டினாள். அது இறங்கி இறங்கி, முப்பத்தாறாம் கட்டத்தில் அச்சைத் தொட்டது. புள்ளிகள் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அளவுகோலைச் சற்று ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தொன்பதுக்குள்தான் விழுந்தது. எப்படிப் பார்த்தாலும் பஸ் மோதிய நாளில் விழவில்லை.

"குழாய்" என்றாள் மில்லி. பணிமனைச் சுவரடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று நாள் ஓடியதாக யாரோ பேசியது நினைவுக்கு வந்தது. "அது எந்தத் தேதின்னு தண்ணிப் பிரிவுல எழுதியிருப்பாங்க. அடிமண்ணைத் தண்ணி அரிச்சிருக்கு. டிரைவர் மேல தப்பில்லைங்க. அந்த மனுஷன் தப்பிச்சாரு."

அவளுக்கு மார்பு லேசாயிற்று. அந்த லேசிலேயே, கை பழக்கத்தில், சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கயிறு கட்டுகிற எல்லையைக் காட்டப் பிரிவில் எல்லாத் தாளிலும் போடுகிற கோடு. போட்ட பிறகுதான் பார்த்தாள். ஏறுகிற கோடு அந்தச் சிவப்பை இருபத்துநான்காம் நாளில் வெட்டியது.

சுவர் விழுந்தது நாற்பத்தேழாம் நாள்.

பேனாவை மூடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. முப்பதாம் நாள் அங்கே போயிருந்தாள். நாற்பதாம் நாளும் போயிருந்தாள். நாற்பதாம் நாள் அவள் குனிந்து அளக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, பஞ்சர்காரர் தன் ஸ்டூலைத் துணியால் துடைத்து அவளுக்குப் போட்டார். அதில் உட்கார்ந்துதான் மூன்று புள்ளி எட்டு என்று குறித்தாள். அலுவலகத்துக்குத் திரும்பி, ஒன்று புள்ளி எட்டைக் கழித்து, இரண்டு என்று எழுதினாள். ஸ்டூலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

கணவன் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"இதை யாரு கேட்டா?" என்றான் மெதுவாக. "எறும்பு இருந்துச்சு, பாசி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. ஏன் உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கணும்?"

"எறும்பைச் சொன்னதுக்குத்தான் சிரிச்சுட்டாங்களே."

"அப்போ நான் ஒட்டின தாளை மட்டும் குடு. இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு."

"புள்ளியெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கு. அந்தப் பக்கம் வெறும் கோடு. புள்ளி இல்லாத கோட்டை யாரு நம்புவா?"

"ஒண்ணு புள்ளி எட்டைச் சொல்லாம..."

"அதைச் சொல்லாட்டி கோடு பூஜ்யத்துல கிளம்பும். பூஜ்யத்துல கிளம்பினா பூஜ்யத்துலதான் தரையைத் தொடும். அது அவரு பஸ்ஸால இடிச்ச மறுநாள்." அவள் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "ஒரு துண்டைக் காட்டி ஒரு துண்டை மறைக்க முடியாதுங்க. ஒரே கோடு."

"வேலை போயிடும்."

"போகும்."

"கேஸு?"

"வரலாம்."

அவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். வெட்டாமல் விட்ட நகங்களை அன்று அவன் வெட்டவே இல்லை.

திங்கட்கிழமை தண்ணீர்ப் பிரிவுக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். பணிமனைச் சுவரடிக் குழாய் உடைந்தது, அவள் முதல் அளவு எடுப்பதற்கு முப்பத்தேழு நாளுக்கு முன்னால். அந்தப் பக்கத்துக்கு நகல் வாங்கிக்கொண்டு தன் பிரிவுக்கு வந்து, தலைவர் மேசையில் தாளை விரித்தாள்.

தலைவர் கெட்டவர் அல்ல. பிரிவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர். தாளை வெகுநேரம் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபது வருஷமா இப்படித்தான் செய்யறோம். ஒரு சுவர் விழுந்திருக்கா?"

"இப்ப விழுந்துடுச்சே சார்."

"டிரைவருக்கு நான் ஏற்பாடு பண்றேன்மா. மேல பேசி, தண்டனையைக் குறைக்கச் சொல்றேன். இதைச் சுருட்டிப் பீரோல வை."

"செய்யாத தப்புக்குக் குறைச்ச தண்டனை எதுக்கு சார்?"

அவர் குரல் மாறிற்று. "பூஜ்யம் வைக்கச் சொன்னது நான்தான். கயிறு கட்டாதேன்னு சொன்னேனா? பதிவேட்டுல யாரு கையெழுத்து இருக்குன்னு பாத்துக்க. நாளைக்கு யாரும் உன் பக்கத்துல நிக்க மாட்டாங்க. நான் உட்பட."

அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு அதிகமாகப் பயம் வந்தது. தாளைச் சுருட்டினாள், ஆனால் பீரோவில் வைக்கவில்லை.

புதன்கிழமை. விசாரணை அறை என்று தனியாக எதுவும் இல்லை. பணிமனையின் பயிற்சிக் கூடத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். சுவரில் பிரேக் வேலை செய்கிற விதத்தைக் காட்டும் பெரிய படம். முன்வரிசையில் டிரைவர், அவருக்குப் பின்னால் தலைவர். கடைசிப் பெஞ்சில் ஒரு பெண், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. பஞ்சர்காரரின் மனைவி என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். எல்லா அமர்வுக்கும் வந்து, ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறவளாம்.

மில்லிக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசி வழக்கமில்லை. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு 'ஏறக்குறைய', பின்னால் ஒரு 'இருக்கலாம்' போடுகிறவள். அன்று மேசையில் தாளை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர், பேனா, கைநோட்டு, தண்ணீர்ப் பிரிவு நகல் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து அமுக்கிவிட்டுச் சொன்னாள்: "நான் முன்னாடி குடுத்த படம் தப்பு சார். இதுதான் சரி. விரிசல் பஸ் இடிக்கிறதுக்கு முன்னாடியே, நான் முதல்ல அளந்ததுக்கு முப்பத்தாறு நாள் முன்னாடி, ஆரம்பிச்சிருக்கு."

அதிகாரி லேசுப்பட்டவர் அல்ல. "அதெப்படி? இடிச்ச அந்த நிமிஷமே ஒண்ணு புள்ளி எட்டு பிளந்திருக்கலாமே. மறுநாள் நீங்க போய் அளந்திருக்கலாம்."

"அப்படிப் பிளந்திருந்தா உள்ள பாசி இருக்காது சார். பாசி பிடிக்க ஈரம் வேணும், நாள் வேணும். மறுநாள் காலையில அங்கேயே நின்னு எழுதின நோட்டு இது. குழாய் உடைஞ்ச தேதியும் இருக்கு. கோடு தொடுற நாளும் அதுவும் ஒரே இடத்துல வருது."

அதிகாரி கைநோட்டை எடுத்துப் படித்தார். "எறும்பு" என்று வாய்விட்டுச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்ணீர்ப் பிரிவு நகலையும் பார்த்து முடித்து, அதிகாரி தலையாட்டினார். அவ்வளவோடு முடிந்திருக்கலாம். அவர் விரல் மேலே போயிற்று. "இந்தச் சிவப்பு என்ன?"

'வழக்கமாப் போடறது சார்' என்று ஒரு பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அது பொய்கூட இல்லை.

"மூணு மில்லிமீட்டர். அதைத் தொட்டா கயிறு கட்டணும். இருபத்துநாலாம் நாள் தொட்டிருக்கு."

"கட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"முதல் நாள் அளவைக் கழிச்சிட்டு எழுதினேன் சார். அப்படி எழுதறது எங்க பிரிவு வழக்கம். அதனால பதிவேட்டுல மூணு ஆகவே இல்ல. சுவர்ல ஆயிடுச்சு."

"கழிச்சது யாரு?"

"நான்."

அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் பிரேக் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எழுதினார். எழுத்தர் எழுதினார். டிரைவர் மேலான குற்றச்சாட்டை நீக்கப் பரிந்துரைப்பதாகவும், பிரிவின் மீது தனி விசாரணை நடக்கும் என்றும், அதுவரை மில்லி வேலைக்கு வரவேண்டாம் என்றும் அதிகாரி வாசித்துவிட்டு எழுந்தார். டிரைவர் அவளிடம் வந்து, தலையை மட்டும் பலமுறை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

அவள் தாளைச் சுருட்டப் போனபோது, கடைசிப் பெஞ்சுப் பெண் மேசையருகே வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். அழுது அழுது வற்றிப்போன முகம்.

"இதுல அவர் எங்க இருக்காரு?"

மில்லி நாற்பத்தேழாம் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கயிறு கட்டியிருக்க வேண்டியது?"

இருபத்துநான்கைக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து, நாற்பத்தேழிலிருந்து இடப்பக்கமாக, ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தினாள். உதடு அசைந்தது. ஆனால் மூன்று கட்டம் தாண்டியதும் விரல் நின்றுவிட்டது.

"இந்த மூணு நாளும் அவருக்குக் காய்ச்சல். வீட்ல படுத்திருந்தாரு. நாலாம் நாளும் போகலன்னுதான் சொன்னாரு. படுத்தே கிடந்தா உடம்பு எப்படித் தேறும், போய் நிழல்ல உட்கார்ந்து நாலு டயரைப் பாருங்கன்னு நான்தான் விரட்டி அனுப்பினேன்." விரலை எடுக்கவில்லை. "ரெண்டு மாசமா, கொன்னது நான்தான்னு இருக்கேன்."

மில்லியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் பார்த்தாள். "நீங்க இல்லம்மா. அன்னிக்கு அவர் வந்திருந்தாலும், கயிறு இருந்திருந்தா வேற நிழலைத் தேடிப் போயிருப்பாரு. அதுக்கு முன்னாடி இருபது நாளா அவரை அங்க உட்கார விட்டது நான்."

"கயிறு கட்டினா அவர் தாண்ட மாட்டாரு" என்றாள் அந்தப் பெண். "சொன்ன பேச்சைத் தட்ட மாட்டாரு."

"தெரியும். எனக்கு உட்கார ஸ்டூல் குடுத்தாரு."

அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் கோணிற்று. அடித்துவிடுவாள் என்றுகூட மில்லி நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் அடிக்கவில்லை.

"உங்களை மன்னிச்சேன்னெல்லாம் சொல்ல என்னால முடியாது."

"வேணாம்மா."

"ஆனா எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க." கைப்பையைத் திறந்து மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, வெறுமையாயிருந்த பின்பக்கத்தைத் திருப்பி வைத்தாள். "வீட்ல எங்க அத்தை இருக்காங்க, அவரோட அம்மா. காலையில எழுந்ததும் முதல் பேச்சு, ஏண்டி என் பிள்ளையை அனுப்பினேங்கிறதுதான். இந்தக் கோடு, கட்டமெல்லாம் அவங்களுக்குப் புரியாது. புரியற மாதிரி எழுதுங்க."

மில்லி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். எழுதினாள்: 'உங்கள் பிள்ளை வேலைக்குப் போனதால் சாகவில்லை. சுவர் விழும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கயிறு கட்டாதது நான். உங்கள் மருமகள் மேல் தப்பில்லை.' கீழே பெயரும், வீட்டு விலாசமும், கையெழுத்தும்.

அந்தப் பெண் அதை நின்றபடியே படித்தாள். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். பிறகு சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.